பள்ளம் விழுந்த வளையம்

மருந்து விழுந்ததும் கண் எரிந்தது. "மூடிக்கோங்க மேடம், நான் சொல்லுத வரைக்கும் தொறக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். செண்பகவல்லி மூடிக்கொண்டாள். மூடினாலும் இருட்டாகவில்லை. இமைக்குள் செங்காவியாக ஒரு திரை, அந்தத் திரையின் நடுவில், இடது கண்ணுக்கு மட்டும், ஒரு சாம்பல் பொட்டு. கண்ணைத் திறந்தால் கூடவே வருகிறது, மூடினால் கூடவே இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் குத்தாலிங்கம் செல்போனில் ஏதோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை இது வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் வருவது, கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள், திரும்பும் வழியில் ஜங்ஷனில் காப்பி குடித்துவிட்டுப் போகலாம். அவள்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஒரு நாள் சொன்னாள், அவன் சிரித்தான், கிழவியாயிட்டே என்றான், அத்தோடு முடிந்தது. சொல்லாமல் விட்டது மிச்சமெல்லாம். இப்போது சொல்லிவிடலாமா. ஏங்க என்று கூப்பிட்டால் போதும், திரும்பிப் பார்ப்பான். கூப்பிடவில்லை. அதுவும் சற்று முன்னால் அந்தப் பலகை முன் அவள் செய்த காரியத்துக்குப் பிறகு எப்படிக் கூப்பிடுவது.

பலகையில் எழுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவளுக்கு முன்னால் ஒரு பெண், ஏதோ வங்கியில் வேலை பார்க்கிறவள் போல, கணீரென்று கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். செண்பகவல்லி வரிசையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. காதில் விழுந்தது, விழுந்தது உட்கார்ந்துகொண்டது. அவள் முறை வந்தது, வலது கண் நன்றாக வாசித்தது, பிறகு வலது கண்ணை மறைத்தார்கள். பலகை நடுவில் சாம்பல் கட்டிக்கிடந்தது. எழுத்துகள் வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி நெளிந்தன. அவள் வாய் நிற்கவில்லை. அந்தப் பெண் சொன்ன வரிசையிலேயே, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், இடையில் ஒரு எழுத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தயங்கி, உண்மையாகப் பார்த்து வாசிக்கிறவர்கள் தயங்குவது போல, சொல்லி முடித்தது. "இடது கண்ணும் அருமையா இருக்கு மேடம்" என்றாள் பரிசோதித்த பெண். அந்தத் தயக்கம்தான் இப்போது உறுத்தியது. பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. அந்தத் தயக்கத்தை எங்கே கற்றுக்கொண்டோம்? கற்றுக்கொண்டது எங்கே என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் மனம் அந்தப் பக்கம் போகாமல் வேறு பக்கம் ஓடியது.

வேறு பக்கம் என்றால் ஆய்வகம். அவள் பாடம் எடுக்கும் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தின் கடைசி இருட்டறை. சோடியம் விளக்கு சூடேற நேரமாகும், முதலில் ரோஸ் நிறத்தில் முனகும், பிறகுதான் மஞ்சளாகும். தட்டைக் கண்ணாடி மேல் ஒரு லென்ஸைக் கவிழ்த்து வைத்தால் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காற்றுப்படலம், அதில் விழுந்து திரும்புகிற வெளிச்சம் வட்டம் வட்டமாக, குளத்தில் கல் எறிந்த மாதிரி. மஞ்சள் வட்டம், கறுப்பு வட்டம், மஞ்சள், கறுப்பு. இரண்டு கண்ணாடியும் தொடுகிற நடு இடத்தில்தான் வெளிச்சம் அதிகமாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அங்கேதான் கறுப்பு. ஒரு அலை எழும்பும்போது இன்னொரு அலை அமிழ்ந்தால் ரெண்டும் ஒன்றையொன்று தின்னுரும், வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்தா இருட்டு, எழுதிக்கோங்க என்பாள். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். அந்த ஒரு நொடிக்காகவே அவள் பாடம் நடத்தினாள் என்றுகூடச் சொல்லலாம். ஒரு நாள் ஜெபசெல்வி என்கிற மாணவி லென்ஸைச் சரியாக வைக்கவில்லை என்று நினைத்துத்தான் செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். வளையம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. விரலால் அமுக்கின மாதிரி ஒரு பள்ளம். கண்ணாடியில் தூசி இருந்தால் அப்படி வரும். எடுத்துத் துடைத்தாள். பள்ளம் அப்படியே இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். வேறு லென்ஸ் வைத்தாள். பள்ளம் போகவில்லை. தலையை லேசாக அசைத்தாள், பள்ளமும் அசைந்தது. லென்ஸில் இருக்கிற தூசி பார்க்கிறவளின் தலையோடு சேர்ந்து அசையாது. அதை அவள் புத்தி அந்த நிமிஷமே கண்டுகொண்டுவிட்டது, ஆனாலும் வாய், "என்னட்டி இது, வளையம் நசுங்கிக் கெடக்கு" என்றது. ஜெபசெல்வி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், மிஸ் சொன்ன பிறகு இல்லை என்று சொல்லப் பயந்தவளாக. "இல்லையே மிஸ்," என்றாள் கடைசியில், "ரவுண்டாத்தான இருக்கு."

ரவுண்டாத்தான இருக்கு. அந்த வார்த்தையோடு அன்று வீட்டுக்குப் போனாள். சமையலறை வாசலில் நின்று வலது கண்ணை மூடினாள், நிலைக்கதவு நடுவில் இடுப்பொடிந்து நின்றது. இடது கண்ணை மூடினாள், நேரானது. மாற்றி மாற்றி மூடினாள். காலண்டர், ஜன்னல் கம்பி, தரை ஓடுகளின் கோடு. நேர்க்கோடு என்று ஒன்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் நின்று பார்ப்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் வலது கண் இடதின் குறையைப் போர்த்தி மறைத்துவிடும், ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதபோது ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டே ரெண்டு மாசம் ஓடிவிட்டது.

"எரியுதா?" என்றான் குத்தாலிங்கம்.

"கொஞ்சம்."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் மருந்து விட்டாங்களாம். சாயங்காலம் வரைக்கும் எல்லாம் பளீர்னு அடிச்சுதாம். நீ இன்னைக்கு வண்டி ஓட்டிறாத, நான் ஓட்டுதேன்."

"சரி."

வண்டி. அவன் வண்டி என்று சொல்லியிருக்கவேண்டாம். போன வாரம் வண்ணார்பேட்டை தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற முக்கில், பின்னால் மகள் பொன்னி அவள் இடுப்பைப் பிடித்தபடி ஏதோ கணக்கு ஒப்பித்துக்கொண்டு வந்தாள். ரோடு காலியாக இருந்தது. காலியான ரோட்டில் திடீரென்று, "அம்மா, ஆடு!" என்று பிள்ளை கத்தினாள். கத்திய பிறகுதான் ஆடு இருந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் ரோடுதான் இருந்தது, சாம்பல் ரோடு, சாம்பல் பொட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல். எதிர்வெயில் வலது கண்ணில் அடித்த ஒரு கணம், அவ்வளவுதான். பிரேக் பிடித்ததில் வண்டி வாலாட்டியது, ஆடு நிதானமாகக் கடந்துபோனது. "நீ பாக்கலையாம்மா?" "பாத்தேன்டி." பாத்தேன்டி. அதையும் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். அன்று மாலையும் அவள்தான் பிள்ளையை ஏற்றி வந்தாள். மறுநாளும். நேற்றும். ஆட்டுக்குப் பதில் ஒரு குழந்தை என்று நினைப்பு வரும்போதெல்லாம் அவள் உரக்க இருமுவாள். இருமினால் அந்த நினைப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். இப்போதும் இருமினாள். "தண்ணி வேணுமா?" என்றான் அவன்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். மூடிய கண்ணுக்குள், போகக்கூடாது என்று வைத்திருந்த இடத்துக்கு மனம் போய்விட்டது. அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். கோவில்பட்டி வீட்டின் பின்புறம், தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றியபடி, மந்திரம் சொல்கிற ராகத்தில், ஈ, எஃப்பு பீ, டீ ஓ இசட்டு. பஸ் டிரைவரான அப்பா ஆவுடையப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண் டாக்டர் பலகையின் வரிகளை யாரிடமோ கேட்டு எழுதி வாங்கி வந்திருந்தார். வருஷா வருஷம் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் தேறாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. "அஞ்சாவது வரியில கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும் தாயி, அப்பந்தான் நம்புவான்" என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணைச் சுருக்கிக் காட்டுவார், அவளும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. அப்பாவுக்கு எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு தெரியவில்லை? எதிரே வருகிற லாரி அவருக்கு எப்படித் தெரிந்தது? யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் அந்த நாள் வந்துவிட்டது. திருநெல்வேலிக்குப் போகிற ரூட் பஸ், நிறைய ஆட்கள், கயத்தாறு தாண்டி நட்டநடு ரோட்டில் அப்பா ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார். கண்டக்டரிடம் சாவியைக் கொடுத்தார். "இதுக்கு மேல என்னால ஓட்ட முடியாதுய்யா" என்றார். ஜனங்கள் ஏசினார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தாளாம். குடிச்சிருக்கான் என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கி நடந்தார், வேட்டைக்குப் போய் வெறும் கையோடு வருகிறவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். வேலை போனது. சினிமாக் கொட்டகை பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தார். அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. செண்பகவல்லி பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்தினாள். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தினவர் மகள் என்று ஒருத்தி கேலி செய்தாள். பஸ்ஸை நிறுத்தினது கேவலம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவளும். நிறுத்தாமல் ஓட்டின வருஷங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவள் இன்றைக்குத்தான் எண்ணுகிறாள். எண்ணும்போது அப்பாவை ஏசுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் வந்து ஒன்றையொன்று தின்றன. அப்பாவுக்கு என்ன வியாதி? பேர்கூடத் தெரியாது. அந்தக் கண்ணுக்குள் யாரும் வெளிச்சம் அடித்துப் பார்த்ததில்லை. அது ரத்தத்தில் வருகிற வியாதியாக இருந்தால்? இவளுக்கு வந்திருந்தால் பொன்னிக்கு? இருமல் வரவில்லை.

"செண்பகவல்லி யாரு? ஸ்கேன் ரூமுக்கு வாங்க."

கண்ணைத் திறந்தாள். கூடமே வெள்ளத்தில் மிதந்தது. ஒவ்வொரு ட்யூப்லைட்டைச் சுற்றியும் பனி மாதிரி ஒரு ஒளிக்கூடு. எதிரே யாரோ ஒரு அம்மாளின் மூக்குத்தி சிலந்திவலை போலக் கதிர் விட்டது. கண்பாப்பா பெரிதாகத் திறந்துகிடக்கிறது, ஓரங்களிலிருந்து வருகிற கதிர் எல்லாம் ஓரிடத்தில் சேரவில்லை, அவ்வளவுதான் என்று புத்தி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. புத்திக்கு வேறு வேலை இல்லை. வீடு தீப்பற்றினாலும் அது தீயின் நிறத்தைப் பார்த்து வெப்பநிலை சொல்லும். குத்தாலிங்கம் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனான். வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள், நின்றுகொண்டான்.

அறை இருட்டாக, குளிராக இருந்தது. மெஷின் முன்னால் ஒரு பையிலிருந்து எடுத்த தாளால் தாடை வைக்கும் இடத்தைத் துடைத்தாள் டெக்னீஷியன். "நாடிய இதுல வைங்க மேடம். நெத்தி ஒட்டணும். உள்ள ஒரு பச்சை பிளஸ் தெரியும், அதையே பாருங்க. கண்ணச் சிமிட்டாதீங்க." செண்பகவல்லிக்கு இந்த மெஷினைத் தெரியும். பார்த்ததில்லை, தெரியும். ஒளி அலையின் நடைமுறைப் பயன்கள் என்று கடைசிப் பாடத்தில் ஒரு பத்தி. சோப்பு நுரையின் நிறம், மழைத்தண்ணீரில் சிந்தின எண்ணெய், கண்ணாடியில் பூசுகிற ஊதாப் பூச்சு, குறுந்தகடு, அதற்குப் பிறகு இது. ஒரு ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்குள் அனுப்புவார்கள், இன்னொன்றை ஒரு ஆடிக்கு. இரண்டும் திரும்பி வந்து சேருமிடத்தில் அலையோடு அலை பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தினால், உள்ளே போனது எவ்வளவு ஆழத்திலிருந்து திரும்பியது என்று தெரிந்துவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துச் சொல்லும். தொடாமல், கீறாமல், கேள்வி கேட்காமல். கேள்வியே கேட்காது, அதுதான். பலகைக்குப் பதில் சொல்ல வாய் வேண்டும். இதற்கு வாயே வேண்டாம். உள்ளே போகிற வெளிச்சம் தான் பார்த்ததைத் தானே சொல்லிவிடும், ஐந்தாவது வரியில் தயங்கிக் காட்டி அதை ஏமாற்ற முடியாது. வலது கண் முடிந்தது. இடது கண்ணுக்கு மெஷின் நகர்ந்தது. பச்சை பிளஸ் வந்தது. ஒரு கால் மடங்கி, நடுவில் புகை பிடித்து, யாரோ மிதித்துப்போன குச்சி மாதிரி.

"பிளஸ் தெரியுதா மேடம்?"

தெரியுது என்றால் தெரியுதுதான். "தெரியுது" என்றாள். பிறகு, தாடை மெஷினில் இருந்ததால் வார்த்தை சரியாக வராமல், "நேரா இல்ல" என்றாள். "என்ன சொன்னீங்க?" "வளைஞ்சு தெரியுது. நடுவுல ஒண்ணுமே தெரியல." "பேசாதீங்க மேடம், ஆடுது" என்றாள் டெக்னீஷியன். அவளுக்கு அது ஒன்றுமில்லை, நாளெல்லாம் கேட்பது. சிவப்புக் கோடு ஒன்று கண்ணுக்குள் மேலிருந்து கீழே இறங்கியது. செண்பகவல்லியின் கன்னத்தில் நீர் வழிந்து தாடைக்குழியில் தேங்கியது. சிமிட்டாமல் இருந்ததால் வந்த நீராகவும் இருக்கலாம்.

டாக்டர் இளம்பெண். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையைக் கூட்டிவரப் போகவேண்டியவள் போல அவசரமாகவும், பேசத் தொடங்கியதும் அவசரம் இல்லாமலும் இருந்தாள். திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள். வலது கண், வயல் வரப்புகள் போல அடுக்கடுக்காகக் கோடுகள், நடுவில் மட்டும் ஒரு மெல்லிய குழிவு. இடது கண்ணில் அந்தக் குழிவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேடு. மேட்டுக்கு அடியில் கறுப்பாக வெற்றிடம். அவள் வளையத்தில் பார்த்த பள்ளம் இங்கே மேடாக இருந்தது. குத்தாலிங்கம் குனிந்து பார்த்தான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கு" என்றாள் டாக்டர். "ஆனா போர்டுல எல்லா வரியும் வாசிச்சதா எழுதியிருக்காங்க. இவ்வளவு தண்ணி இருந்தா வாசிச்சிருக்க முடியாதே."

"வாசிக்கல" என்றாள் செண்பகவல்லி. "முன்னால நின்ன பொண்ணு சொன்னதக் கேட்டுச் சொன்னேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. "எத்தனை நாளா இருக்கு?"

நேத்து என்று வாய் தயாராக இருந்தது. போன வாரம் என்பதும் தயாராக இருந்தது. "ரெண்டு மாசம்."

பக்கத்தில் குத்தாலிங்கத்தின் நாற்காலி கிறீச்சிட்டது.

"எங்கப்பாவுக்கும் கண்ணு போச்சு டாக்டர். என்ன வியாதின்னு தெரியாது. எம்பொண்ணுக்கு வருமா?"

"இது பெரும்பாலும் அப்படி வர்றது இல்லம்மா. உங்க அப்பாவுக்கு இருந்தது வேற ஏதாவதா இருக்கும், பாக்காம சொல்ல முடியாது. பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம். இது தானா வடிஞ்சிரலாம். ரெண்டு மாசமாகியும் வடியலங்கிறதால கொஞ்சம் கவனமாப் பாக்கணும். வடியலேன்னா லேசர் மாதிரி ஒரு சிகிச்சை இருக்கு. முழுசாப் பழையபடி ஆகுமான்னு இப்ப வாக்குக் கொடுக்க மாட்டேன். கவலையும் தூக்கமில்லாததும்கூட இதுக்குக் காரணமா இருக்கும். சரியாத் தூங்குறீங்களா?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "இல்ல" என்றாள்.

வெளியே நடைபாதையில் ஜன்னல் வழியாக வெயில் அடித்தது, அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். குத்தாலிங்கம் முன்னால் போய்விட்டான். படிக்கட்டு வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்தான்.

"ரெண்டு மாசமா பிள்ளையப் பின்னால வச்சு ஓட்டியிருக்கே."

"ஆமா."

"ஆமான்னு சொல்லுதே."

"போன வாரம் ஒரு ஆட்டை இடிக்கப் பாத்தேன். பொன்னி கத்தினதாலதான் நின்னேன்." இதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்று வெளியே வந்ததும் அடுத்தது காத்திருக்கவில்லை. "அதுக்கப்புறமும் ஓட்டினேன்."

அவன் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். கீழே ஆட்டோக்காரர்கள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கிட்ட ஏன் சொல்லல செம்பா?" என்றான். அவளிடம் நிறையப் பதில்கள் இருந்தன, பயம், வேலை, அப்பா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், எதுவும் முழு உண்மையாக இல்லை. "சொன்னா நெசமாயிரும்னு" என்றாள்.

அவன் திரும்பினான். அவளுக்கு நேராக வந்து நின்றான். "நல்ல கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடு. என்னப் பாத்துச் சொல்லு. எப்படித் தெரியுதேன்?"

அவள் நிலைக்கதவைப் பார்த்திருக்கிறாள், காலண்டரைப் பார்த்திருக்கிறாள், ஜன்னல் கம்பிகளை எண்ணியிருக்கிறாள். இவன் முகத்தை, பொன்னி முகத்தை, அந்தக் கண்ணால் மட்டும் பார்த்ததே இல்லை. அவ்வளவு நாளும் பார்க்காமல் தப்பித்து வந்தது இதைத்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். "சின்னதாத் தெரியுதீங்க" என்றாள். "தூரத்துல நிக்க மாதிரி."

"அப்புறம்?"

"நெத்தி சரியா இருக்கு. காது ரெண்டும் இருக்கு. மூக்கு ஒரு பக்கமா மடிஞ்சிருக்கு. வாய் இல்ல. கண்ணு இருக்கிற இடத்துல புகை."

"இன்னும் சொல்லு."

"சட்டை நீலம்னு தெரியும், ஆனா நீலமா இல்ல. வெளுத்த மாதிரி இருக்கு."

அவன் போட்டோவுக்கு நிற்கிறவன் போல அசையாமல் நின்றான். நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்கள். அவன் மூச்சு ஒரு மாதிரி இழுத்துக் கேட்டது.

"அழுவுதீங்களா?" என்றாள் அவள். "எனக்குத் தெரியல. அந்த இடம்தான் தெரியல."

"இல்ல" என்றான் அவன், மூக்கை உறிஞ்சியபடி. "நீ சொல்லு."